காழுடையனவும் காழிலாதனவும்

தாவர நூல் பயிலும் நம் மாணவர் தேர்வுக்கு முந்திய வாரத்தில் தவறாது மனனம் செய்யும் அட்டவணைகளுள் ஒன்று, வாஸ்குலர் தாவரங்களுக்கும் வாஸ்குலர் அல்லாத தாவரங்களுக்கும் உள்ள வேற்றுமைகளைக் கூறுவதாகும். இடப்பக்கத்தில், 'சைலம், புளோயம் என்னும் கடத்தும் திசுக்கள் உண்டு; வேர், தண்டு, இலை உண்டு; உருவிற் பெரியன; மேல்நிலையின' என்றும், வலப்பக்கத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் எதிராக 'இல்லை, இல்லை, சிறியன, கீழ்நிலையின' என்றும் எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். எழுதுகின்ற மாணவர் அவ்விரு வகைகளுள் ஒன்றையேனும் கையில் எடுத்து உற்றுநோக்கியவரா என்று வினவுவார் இல்லை.

இவ்வட்டவணை பொய்யென்று யாம் கூறவில்லை. ஆயினும் அதன் கடைசி வரியாகிய 'மேல்நிலை, கீழ்நிலை' என்பது தவறான எண்ணத்தை ஊட்டுகின்றது என்பதும், முதல் வரிகளில் உள்ள உண்மையும் கண்ணாற் காணாமல் கற்கப்படுவதால் பயனின்றி ஒழிகின்றது என்பதும் எம் கருத்து. இவ்விரு வகைத் தாவரங்களுக்கும் உள்ள வேற்றுமை, நீரை ஆளும் முறையில் உள்ள வேற்றுமையாகும். நீரின் அருமையை நாள்தோறும் உணர்ந்து வாழும் நம் தென்பாண்டி மக்களுக்கு இதனினும் அணுக்கமான பாடம் தாவர நூலில் வேறொன்று இல்லை என்னலாம்.

சங்கரன்கோவிலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வட்டாரத்திலிருந்து நம் கல்லூரிக்கு மாணவர் வந்து பயில்கின்றனர். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்ததாகிய அவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்பால் மழை மறைவு நிலத்தில் அமைந்துள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் அருவியாய்ப் பொழிய, அங்கே அது பெரும்பாலும் வறுங்காற்றாய் வீசிச் செல்லும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே அந்நிலத்தின் பெருந்துணை. கரிசலும் செம்மண்ணும் விரவிய அப்பகுதியில் வேம்பும் பனையும் உடையும் கோடை வெயிலைத் தாங்கி நிற்கின்றன. மழை பெய்த சின்னாட்களிலோ, கிணற்றுச் சுவரிலும் பழைய மதிலிலும் குளத்துப் படியிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலச் சுவர்ப்பாசி தழைக்கின்றது. அட்டவணையின் இரு பக்கங்களும் இங்ஙனம் ஒரே தெருவில் அருகருகே கிடக்கின்றன.

முதலில் இடப்பக்கத்தை நோக்குவோம். சங்கரன்கோவிற் பூச்சந்தை பெயர் பெற்றது. அங்கு மல்லிகையையும் பிச்சியையும் தொடுப்பதற்குப் பயன்படும் வாழைநார் யாதென்று எண்ணிப் பார்த்தோமா? வாழையின் தண்டு என்று நாம் கருதுவது, இலையடிகள் ஒன்றையொன்று பொதிந்து நின்ற பொய்த்தண்டாம். அவ்விலையடிகளின் நெடுகிலும், வேரிலிருந்து நீரை இலைக்கு ஏற்றியும், இலையிற் சமைத்த உணவைக் கீழே இறக்கியும் பணிபுரியும் நுண்குழாய்க் கற்றைகள் ஓடுகின்றன. அக்கற்றைகளும் அவற்றைப் போர்த்த வன்னார்களுமே, உலர்ந்த பின் பூவைத் தாங்கும் வலிமையை நாருக்குத் தருகின்றன. வாஸ்குலர் கற்றை என்று ஆங்கிலச் சொல்லால் மனனம் செய்யும் பொருளை நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் விரலால் முடிந்துகொண்டிருக்கின்றனர்.

இன்னும் தெளிவாகக் காண விழைவோர் பனங்கட்டையின் அறுத்த முகத்தைப் பார்க்கலாம். வெளிர்நிறக் கட்டையில் கரும்புள்ளிகள் தெறித்தாற்போல் தோன்றும். அப்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குழாய்க் கற்றையின் குறுக்குமுகம். அவை புறத்தே நெருங்கியும் அகத்தே கலைந்தும் இருத்தலின், பனையின் வன்மை வெளிப்புறத்திலும் மென்மை உட்புறத்திலும் அமைகின்றது. வேம்பிலோ இதற்கு மாறாக, ஆண்டுதோறும் புதிய குழாய்கள் வெளிப்புறத்தில் அடுக்கடுக்காய்த் தோன்ற, பழையன உள்ளே தள்ளப்பட்டு இறுகி வைரம் பாய்கின்றன. பனைவீட்டின் சட்டமும் வேப்பங்கதவும் நீர்க்குழாய்கள் முதிர்ந்து இறுகியவற்றால் ஆயவையே.

இக்குழாய்களின் தொழில் எத்துணை அரியது என்பதை நம் உழவர் எளிதில் உணர்வர். கிணற்றின் மேல் நின்று நீரை உறிஞ்சும் பம்பு ஏறத்தாழ 34 அடிக்கு மேல் நீரை ஏற்ற இயலாது என்பது இயற்கை விதி. ஆதலின் கிணறு ஆழ ஆழப் பம்பையும் உள்ளே இறக்க நேர்கின்றது. ஆனால் 60, 70 அடி ஓங்கிய பனையின் உச்சி ஓலைக்கு நீர் ஓசையின்றி ஏறிக்கொண்டே இருக்கின்றது. இவ்வியப்பை முதன்முதல் அளந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் குருவாய்ப் பணிபுரிந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். தம் சோதனைகளை 1727-இல் நூலாக வெளியிட்டார். 1894-இல் டப்ளின் நகரத்து அறிஞராகிய டிக்ஸனும் ஜோலியும், இலையினின்று நீராவி வெளியேறுங்கால் குழாயினுள் உள்ள நீரிழை அறுபடாமல் மேலே இழுக்கப்படுகின்றது என்று விளக்கினர். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், உயிருள்ள செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகின்றது எனக் கருதி 1923-இல் ஒரு பெருநூல் எழுதினார். பிற்கால ஆராய்ச்சி டிக்ஸன், ஜோலி ஆகியோர் பக்கமே சாய்ந்தது. நீரேற்றும் குழாய்கள் உயிர் நீத்த செல்களின் கூடுகளே எனினும், அவற்றின் சுவரில் லிக்னின் என்னும் வன்பொருள் படிந்திருத்தலால் அவை இழுவிசைக்கு ஆற்றாது ஒடுங்கிப்போவதில்லை. அவ்வன்பொருளே மரத்தை நிமிர்த்தியும் நிறுத்துகின்றது.

நீரேற்றும் சைலத்துக்கு இணையாக உணவு செல்லும் வழியாகிய புளோயமும் உண்டு. இதன் செல்கள் உயிருள்ளவை. பனையேறி பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லெனச் சீவிக் கலயத்தைக் கட்டுங்கால் சொட்டும் பதநீர், இவ்வழியே ஓடும் சர்க்கரை நீரேயாகும். பனை தன் பூங்குலையை வளர்ப்பதற்கு அனுப்பும் உணவை நாம் இடைமறித்துப் பருகுகின்றோம். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகின்றோம். நம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் இவ்வொரு திசுவின் ஒழுக்கை நம்பி வாழ்ந்துள்ளன. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் சின்னாள் பசுமையாய் நின்று பின்னர் அது பட்டுப்போவதும் இக்காரணம் பற்றியே. நீர் ஏறும் வழி உள்ளே இருத்தலின் இலை உடனே வாடுவதில்லை; உணவு இறங்கும் வழி பட்டையோடு போய்விட்டமையின் வேர் பட்டினியால் மாள்கின்றது.

இனி வலப்பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டுச் சமவெளிகளில் செங்கற்சுவரிலும் கற்சுவரிலும் பெரிதும் காணப்படும் சுவர்ப்பாசிகளுள் ஒன்று ஹையோபிலா என்பது. அதில் ஒரு சிட்டிகை பெயர்த்துப் பூதக்கண்ணாடி வழியே நோக்கினால், விரல் நகத்தின் உயரமே உள்ள தண்டும் அதனைச் சூழ்ந்த சிற்றிலைகளும் புலனாகும். அடியில் வேர் போன்ற மயிர்கள் உண்டு. அவை சுவரைப் பற்றிக்கொள்ள உதவுவனவேயன்றி வேரைப்போல் மண்ணை ஆழ்ந்து நீர் தேடுவன அல்ல. உள்ளே லிக்னின் படிந்த நீர்க்குழாய் இல்லை. அற்றேல் இது நீர் பெறுவது எவ்வாறு? மழைத்துளியையும் பனியையும் தன் உடல் முழுவதாலும் பருகுகின்றது. இலைகளின் இடுக்குகளில் நீர் தானே ஊர்ந்து பரவுகின்றது. பருகியதைக் காக்கும் மெழுகுப் போர்வை மரத்தின் இலையில் உள்ளதுபோல் இதன் இலையில் அமைந்திலது. ஆதலின் மழை நின்று வெயில் ஏறியதும் பாசி காய்ந்து சுருள்கின்றது. பச்சை மங்கிச் சுவரிற் கருகிய கறைபோல் கிடக்கும் அதனைக் காண்போர் பட்டுப்போயிற்று என்றே கருதுவர்.

ஆனால் அது படவில்லை. காய்ந்த பாசியின்மேல் ஒரு கை நீர் தெளித்து நின்று பாருங்கள். சில மணித்துளிகளில் சுருண்ட இலைகள் விரியும், பச்சை மீளும். வேம்பின் கிளையொன்று இங்ஙனம் சருகாய்க் காய்ந்த பின் எத்துணை நீர் ஊற்றினும் தளிர்க்குமோ? மரம் தன் உடலின் ஈரம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மாளும். ஆகவே அது ஆழ்ந்து தோண்டுகின்றது, குழாய் அமைக்கின்றது, மெழுகு பூசிக்கொள்கின்றது. கோடையிலும் தன் உள்ளீரத்தைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை மேற்கொள்கின்றது. பாசி அப்பொறுப்பை மேற்கொள்ளவில்லை. சுற்றுப்புறம் ஈரமாயின் தானும் ஈரமாகி, அது வறண்டால் தானும் வறண்டு, அடுத்த மழைவரை தொழில் நிறுத்திக் காத்திருக்கின்றது. வறண்ட நாட்டில் வாழ்வதற்கு இவை இரண்டும் இரு வேறு நெறிகள். இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாய்ப் பயன் தந்த நெறிகள்.

பெருக்க முறையிலும் நீரே வேற்றுமையை வகுக்கின்றது. பாசியின் ஆண் அணு நீரில் நீந்திச் சென்றே பெண் அணுவை அடைதல் வேண்டும். ஒரு துளி நீரேனும் இடையே இல்லையாயின் கருவுறுதல் இல்லை. அவ்வாறு கருவுற்றபின் எழும் மெல்லிய காம்பும் அதன் தலையிலுள்ள சிமிழும் தாய்ச்செடியின்மேல் நின்றே உணவு பெற்று, ஸ்போர் என்னும் வித்துத்தூளைக் காற்றில் தூவும். நாம் பச்சையாய்க் காணும் பாசிச்செடி அணுக்களை ஈனும் தலைமுறை. வேம்பிலும் பனையிலும் நாம் காணும் பெருமரமோ ஸ்போரை ஈனும் தலைமுறை. இடைப்பட்ட பெரணிகள் குழாய் உடையனவாயினும், ஆண் அணு நீந்துவதற்கு நீரை வேண்டியே நிற்கின்றன. மழைக்குப்பின் வயல் வரப்பிலும் குளக்கரை ஈரமண்ணிலும் காசளவு பச்சை வட்டமாய்ப் படர்ந்து, வெயில் முதிர்ந்ததும் மறையும் ரிக்ஸியா என்பதும் சுவர்ப்பாசியின் இனத்தைச் சார்ந்த காழிலாத் தாவரமே. அதனை நாம் மிதித்துச் செல்கின்றோமேயன்றிப் பெயர் கேட்பதில்லை.

இவ்வளவும் அறிந்தபின் 'கீழ்நிலை' என்னும் சொல்லை எவ்வாறு ஒப்புவது? சுவர்ப்பாசி மரத்தின் பாட்டன் என்றும், வளர்ச்சி நின்றுபோன முன்னோர் என்றும் முன்னைய நூல்கள் எண்ணத் தூண்டின. தரையில் தாவரம் குடியேறியதற்குரிய மிகப் பழைய சான்றுகள் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட ஸ்போர்கள். நீர்க்குழாய் உடைய செடிகளின் புதைபடிவங்கள் 40 கோடி ஆண்டுகட்கு மேற்பட்டன கிடைத்துள்ளன. எனினும், அண்மைக்கால மரபணு ஆராய்ச்சிகள் பலவும், பாசியினமும் குழாயுடைய இனமும் ஒரே மூதாதையினின்று பிரிந்த உடன்பிறப்புகள் என்றே காட்டுகின்றன. உடன்பிறந்தாருள் ஒருவர் மாடி கட்டினார், மற்றொருவர் கூடாரத்தில் வாழ்கின்றார் என்பதனால் பின்னவர் முன்னவரின் பாட்டனார் ஆதல் இல்லை. இன்றும் உலகில் ஏறத்தாழ 20,000 வகைப் பாசியினத் தாவரங்கள் செழித்து வாழ்கின்றன. தோற்றுப்போன கூட்டத்தின் கணக்கு இதுவன்று.

அட்டவணையின் கோடும் அத்துணை நேரானதன்று. கொடைக்கானல், நீலகிரி மலைப்பாதைகளின் ஓரத்து மண்சரிவுகளில் வளரும் போகோனேட்டம் என்னும் பாசியின் தண்டினுள்ளே நீர் செல்லுவதற்கென்று தனிச்செல்கள் உண்டு. அவற்றில் லிக்னின் மட்டும் இல்லை. மறுபக்கத்தில், நம் நாட்டு வறண்ட பாறையிடுக்குகளில் விசிறிபோல் விரியும் மயிற்சிகை என்னும் சிறு பெரணி குழாய்கள் உடையதாயினும், சுவர்ப்பாசியைப் போலவே காய்ந்து சுருண்டு மழை கண்டதும் மீள்கின்றது. ஆகவே வேற்றுமை உண்மையானது. ஆனால் எல்லைக்கண் உறவும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டாத கல்வி மாணவரின் அறிவை ஒரு பக்கம் மடித்துவிடும்.

குழாய் இன்மையே சிலவிடத்துப் பயனாதலும் காண்க. மெழுகுப் போர்வையின்றி மழையையும் காற்றின் தூசியையும் நேரே உட்கொள்ளுதலால், காற்றிற் கலந்த ஈயம் முதலிய உலோகங்கள் பாசியில் தங்கிவிடுகின்றன. இதனை உணர்ந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1960-களின் பிற்பகுதியில் பாசியைக் கொண்டே காற்றின் மாசை அளக்கத் தொடங்கினர். அம்முறை பின்னர் ஐரோப்பா எங்கும் பரவியது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில், தன் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சவல்ல ஸ்பாக்னம் என்னும் பாசி, பஞ்சு போதாத மருத்துவமனைகளில் புண்கட்டுக்குப் பயன்பட்டது. நம் குற்றால மலையிலும் அதனை அடுத்த காடுகளிலும் பாறையையும் அடிமரத்தையும் போர்த்த பாசிகள் மழையை உடனே ஓடவிடாமல் சிறிது நேரமேனும் தாங்கி மெல்லக் கசியவிடுகின்றன. நீரைக் காக்கும் பெரும்பணி காட்டு மரங்களுடையதும் மண்ணுடையதும் ஆயினும், அப்பணியில் பாசிக்கும் பங்குண்டு. மலையில் காடு அழியின் அதன் நிழலில் வாழும் பாசி முன்னர் அழியும். கீழே சமவெளியில் கிணறு நம்பி வாழ்வோர் அதன் பயனைப் பின்னர் உணர்வர்.

இப்பொருளைத் தமிழிற் கற்பிப்பதற்கு ஓர் இடர் உண்டு. 'பாசி' என்னும் ஒரு சொல்லால் நாம் பலவற்றைச் சுட்டுகின்றோம். குளத்து நீரில் இழையிழையாய் மிதப்பது ஆல்கா. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசியும் ஆல்காவே. சுவரில் தழைப்பது மாஸ் எனப்படும் பாசி. செட்டிநாட்டுக் குழம்பில் மணம் கூட்டும் கல்பாசியோ, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். அது தாவரமே அன்று. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கப்படும் அசோலாவையும் பலர் பாசி என்பர். அதுவோ குழாயுடைய பெரணி. பேச்சுவழக்கில் இவ்விரிவு குற்றமன்று. வகுப்பறையில் இவற்றை வேறுபடுத்திக் காட்டாவிடின், மாணவர் 'பச்சையாய் வழுக்குவதெல்லாம் பாசி' என்ற அளவிலே நின்றுவிடுவர்.

குழாயுடைய இனத்துக்குத் தமிழில் நல்ல சொல் இல்லையோ எனின், உண்டு. அது மிகப் பழைய சொல். தொல்காப்பியத்தின் மரபியல், வன்மை புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. அவ்வன்மைக்கு ஆசிரியர் ஆண்ட சொல் 'காழ்' என்பது. பனை புல்லாதலும் வேம்பு மரமாதலும் அப்பகுப்பின்படியே. மேலே பனங்கட்டையிலும் வேம்பிலும் நாம் கண்ட குழாய்களின் இருப்பிடமே அப்பகுப்புக்கு அடிப்படையாதல் வெளிப்படை. பண்டைத் தமிழர் உருப்பெருக்கியின்றியே, கோடரியும் கண்ணும் துணையாக, நீர்க்குழாய்களின் அமைப்பைக்கொண்டு தாவரங்களை வகுத்தனர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. எனினும் அப்பகுப்பினுள் காழே இல்லாத சுவர்ப்பாசிக்கு இடமில்லை. அதனை நிரப்புதல் நம் கடன்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சைலத்தைக் 'காழ்' என்றும் புளோயத்தை 'உரியம்' என்றும் வழங்கி வருகின்றன. 'உரி' என்பது பட்டையை நினைவூட்டுதலின் அச்சொல்லும் பொருத்தமானதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் மருத்துவராகிய சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் எழுதுவித்தார். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. இவ்வழியில் வந்த நாம், வாஸ்குலர் தாவரத்தைக் 'காழுடைத் தாவரம்' என்றும், மற்றதனைக் 'காழிலாத் தாவரம்' என்றும் வழங்குதல் தக்கது. 'இல்லாதது' என்று பெயரிடுவதும் ஒரு வகை இழிவன்றோ என்று வினவலாம். காலில்லாப் பாம்பை அவ்வாறு சுட்டுதலால் பாம்புக்கு இழுக்கில்லை. அது ஊரும் திறம் குன்றுவதுமில்லை. ஆங்கிலச் சொல்லையும் தேர்வின்பொருட்டுக் கற்கட்டும். பொருள் விளங்குதற்குத் தமிழ்ச் சொல் முன்னே நிற்கட்டும்.

'பாடத்திட்டம் நெருக்குகின்றது, கருவிகள் போதா, அட்டவணையே எளிது' என்று ஆசிரியர் சிலர் கூறுவர். அவர் இடுக்கண் உண்மையே. ஆயினும் இப்பாடத்துக்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. ஒரு காசித்தும்பைச் செடியை வேரருகே அறுத்துச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தினால், கண்ணாடிபோன்ற அதன் தண்டில் செங்கோடுகள் மேலேறுவதை ஒரு வகுப்பு நேரத்துக்குள் எல்லாரும் காணலாம். அருகே ஒரு தட்டில் காய்ந்த சுவர்ப்பாசியை வைத்து நீர் தெளித்தால், அது விழித்தெழுவதையும் காணலாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சவரத்தகடு, ஒரு புட்டி மை, ஒரு கை நீர். இவற்றின் விலை ஒரு வினாவிடைக் கையேட்டின் விலையினும் மிகுதியன்று. இவ்விரண்டையும் கண்ட மாணவருக்கு அட்டவணையை மனனம் செய்யும் தேவையே இராது, அவரே எழுதிவிடுவர்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டிகளும் உளர். சென்னை மாகாண வனத்துறையை நடத்திய பெட்டோம் என்பவர் 1863-ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு வெளியிட்டார். லாகூரிற் பணிபுரிந்த சிவராம் காஷ்யப் மேற்கிமயத்தின் ஈரற்பாசிகளைப் பற்றி 1929-லும் 1932-லும் வெளியிட்ட நூல்கள் இந்நாட்டுப் பாசி ஆராய்ச்சிக்கு அடிகோலின. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு போரோ, பழனிமலைப் பாசிகளின் பட்டியலை 1961-இல் வெளியிட்டார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியைச் சார்ந்த மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றி 1992-இல் எழுதிய நூல் இன்றும் ஆராய்வோர்க்குத் துணையாயுள்ளது. கல்லூரிப் பணியோடும் சபைப் பணியோடும் இயைத்தே இவர்களுட் பலர் இவ்வாராய்ச்சியை நடத்தினர் என்பது நம்மனோர்க்கு ஊக்கம் தருவது.

இவர்கள் பெரும்பாலும் மலைநாடிச் சென்றனர். சமவெளியின் வறண்ட ஊர்கள் நம் மாணவர்க்காகக் காத்திருக்கின்றன. பழைய செங்கற்சுவர்கள் இடிக்கப்பட்டுச் சாயம் பூசிய சிமெண்டுச் சுவர்கள் எழுகின்றன. ஊருணிகளும் திறந்த கிணறுகளும் தூர்க்கப்படுகின்றன. அவற்றோடு எவ்வெப்பாசிகள் மறைகின்றன என்பதைக் குறித்து வைப்போர் வேண்டும். மரம் ஒன்று வெட்டப்பட்டால் ஊர் பேசுகின்றது, அது நன்றே. பாசி ஒன்று ஓர் ஊரினின்று அடியோடு மறைந்தால் அறிவார் இல்லை. 'கீழ்நிலை' என்று நாம் கற்பித்ததன் பயன்களுள் இதுவும் ஒன்று. தாழ்ந்தது என்று ஒருமுறை பெயரிடப்பட்டதை எவரும் எண்ணிக் கணக்கிடுவதில்லை என்பது தாவர உலகுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

ஆகவே மாணவ நண்பர்காள்! வரும் ஐப்பசி விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு சிறு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்லுங்கள். உங்கள் தெருவின் சுவரிலும் கிணற்றிலும் குளக்கரையிலும் வரப்பிலும் காணப்படும் காழிலாதனவற்றை இடமும் நாளும் குறித்து ஒரு சிட்டிகை காகித உறையில் இட்டுக் கொணருங்கள். காய்ந்தாலும் அவை கெடா. பெயர் தெரியாவிடினும் குறையில்லை. பெயர் காணும் பணியில் ஆசிரியர் துணைநிற்பர். பழைய மாணவர்களாய் ஊர்களிற் பள்ளியாசிரியப் பணிபுரிவோரும் தத்தம் மாணவரைக்கொண்டு இதனைச் செய்விக்கலாம். சங்கரன்கோவில் முதலாக ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பட்டியல் நம் கல்லூரித் தாவரச் சாலையில் சேருமாயின், வறண்ட நாட்டுக் காழிலாத் தாவரங்களைப் பற்றிய நல்லதொரு நூலுக்கு அதுவே வித்தாகும். அடுத்த ஆண்டின் மலரில் அப்பட்டியல்களுள் ஒன்றையேனும் வெளியிடும் வாய்ப்பு எமக்குக் கிட்டுமாக.